சர்வர் இல்லாத கணினி அறையில் 12 கணினிகளைப் பிள்ளைகளிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

பினாங்கின் பிறை நகரில் மாலை வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியையின் கேள்வி இது. தொழிற்சாலை ஒன்று கழித்துக் கொடுத்த 12 கணினிகள் அவரிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஓர் இடத்திலிருந்து நிர்வகிக்கும் மையக் கணினியான சர்வர் கிடையாது, வாங்கப் பணமும் கிடையாது. பிள்ளைகள் கேம் இறக்குகிறார்கள், வால்பேப்பரை மாற்றுகிறார்கள், போன வாரம் ஒரு பையன் பாஸ்வர்டு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். ‘எல்லாவற்றையும் எப்படிப் பூட்டுவது?’ என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர், பூட்டுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியை இரண்டு முறை படித்தபோது எனக்குப் புரிந்தது இதுதான்: நாளை அறையைத் திறக்கும்போது 12 கணினியும் நேற்று இருந்தபடி இருக்க வேண்டும்; அதற்காக நீங்கள் அரை மணி நேரம் முன்னால் வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதிதான் கஷ்டமானது. ஒரு கணினியைப் பூட்டுவது யாருக்கும் ஒரு மணி நேர வேலை. அதையே 12 கணினியில் செய்து, ஆறு மாதம் கழித்தும் அப்படியே வைத்திருப்பதுதான் ஆளைக் களைக்க வைத்துவிடும்.

நான் பாயான் லெப்பாஸ் பக்கம் கணினிப் பராமரிப்பு வேலை பார்த்தவன். சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளிகளுக்கும் கோயில் மண்டபத்து டியூஷன் வகுப்புகளுக்கும் போய் இதே வேலையைச் சும்மா செய்து கொடுத்திருக்கிறேன். தொழிற்சாலையில் சர்வர் இருக்கும். ஓர் இடத்தில் ஓர் அமைப்பை மாற்றினால் ஐந்நூறு கணினிக்கும் போய்ச் சேரும். உங்கள் அறையில் அந்த வசதி இல்லை. நீங்கள் போடும் ஒவ்வொரு பூட்டையும் 12 முறை போட வேண்டும், தப்பாகப் போய்விட்டால் 12 முறை கழற்றவும் வேண்டும். அதனால் பூட்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. முழுவதும் கெட்டுப்போகக் கூடாத இடங்களை மட்டும் இறுக்குங்கள். மற்றவற்றைப் பிள்ளைகள் கலைத்தால் கலைக்கட்டும், மறுபடி பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்துவிட்டால் போதும்.

முதல் வேலை, பிள்ளைகள் இப்போது நிர்வாகிக் கணக்கில், அதாவது கணினியில் எதையும் மாற்ற உரிமையுள்ள ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கில், உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது இடத்தில் அப்படித்தான் இருக்கும். கணினியை முதன்முதலில் திறந்தபோது உருவான கணக்கையே எல்லாரும் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள், அது நிர்வாகிக் கணக்கு. உங்களுக்கென்று ஒரு நிர்வாகிக் கணக்கை பாஸ்வர்டோடு வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு, அதாவது விண்டோஸ் ‘ஸ்டாண்டர்டு’ என்று சொல்லும் வகை, ஒன்றைத் திறந்துவிடுங்கள். இந்த ஒரே மாற்றத்தில், மென்பொருளைக் கணினி முழுவதற்கும் நிறுவுவது, கணினியின் தேதியை மாற்றுவது, மற்றவர் கணக்கிலுள்ள கோப்புகளைத் தொடுவது, வைரஸ் தடுப்பை நிறுத்துவது எல்லாம் நின்றுபோகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

எத்தனை கணக்கு வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஆளுக்கொரு கணக்கு என்பது கேட்க நன்றாக இருக்கும். 30 பிள்ளைகள், 12 கணினிகள் என்றால் 360 கணக்கு. ஒரு பிள்ளை பாஸ்வர்டை மறந்தால் எந்தக் கணினியில் எதை மறந்தது என்று தேடவேண்டியதுதான். சர்வர் இல்லாத அறைக்கு அது சரிப்படாது. ஒவ்வொரு கணினியிலும் ‘மாணவர்’ என்று ஒரே கணக்கு, பாஸ்வர்டு இல்லாமல் இருக்கட்டும். பாஸ்வர்டு இல்லையா என்று பயப்பட வேண்டாம். பாஸ்வர்டு இல்லாத உள்ளூர்க் கணக்கைக் கணினிக்கு நேரே உட்கார்ந்துதான் திறக்க முடியும், நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் இயல்பாகவே விடாது. விண்டோஸின் ப்ரோ பதிப்பில் பயனர் நிர்வாகச் சாளரத்தில் அந்தக் கணக்கைத் திறந்து, பயனர் பாஸ்வர்டை மாற்ற முடியாது என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டால் போன வாரத்துப் பையனின் வேலை அத்தோடு முடிந்தது.

இப்போது சாதாரணக் கணக்கால் தடுக்க முடியாதவற்றுக்கு வருவோம். வால்பேப்பரை மாற்றலாம், கன்ட்ரோல் பேனலைத் திறந்து நோண்டலாம், பென்டிரைவிலிருந்து கேமை நேரடியாக ஓட்டலாம். பழைய இன்டெல் திரை மென்பொருள் இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றையும் அழுத்தித் திரையைத் தலைகீழாக்கலாம். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒன்று இதைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். இன்டெல் அமைப்பிலேயே அந்தக் குறுக்குவிசையை அணைத்துவிடலாம்.

மற்றவற்றுக்கு ‘குரூப் பாலிசி’ வேண்டும், அதாவது பயனர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று விண்டோஸுக்குச் சொல்லும் கொள்கைகள். சர்வர் இருந்தால்தான் குரூப் பாலிசி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ப்ரோ பதிப்பு இருந்தால் ஒவ்வொரு கணினியிலும் உள்ளூர்க் கொள்கையாகவே அதை வைக்கலாம். ஹோம் பதிப்பில் அதற்கான சாளரம் கிடையாது. தொழிற்சாலை கொடுத்த கணினி என்பதால் பெரும்பாலும் ப்ரோ உரிமம் கணினியோடேயே பதிந்து வந்திருக்கும். அதன்மேல் எண்டர்பிரைஸ் பதிப்பு போட்டிருந்தால் அந்த உரிமம் நிறுவனத்துடையது, கணினியோடு உங்களுக்கு வந்து சேராது. ப்ரோவாகப் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். பட்டர்வொர்த்தில் ஒரு டியூஷன் நிலையத்தில், கொள்கைச் சாளரத்தை வழக்கம்போலத் திறந்து, கன்ட்ரோல் பேனல் கூடாது, கட்டளைச் சாளரம் கூடாது, குறிப்பிட்ட நாலு மென்பொருள் தவிர வேறெதுவும் ஓடக்கூடாது என்று வரிசையாகப் போட்டுத் தள்ளினேன். மறுபடி திறந்தால் நிர்வாகியான என்னையும் அது உள்ளே விடவில்லை. கொள்கையைத் திருத்தும் சாளரமே அந்த நாலு மென்பொருளில் இல்லையே! உள்ளூர்க் கொள்கையில் பயனர் பகுதியில் போடுவது நிர்வாகி உட்பட எல்லாருக்கும் பொருந்தும் என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் கற்றுக்கொண்டேன். அந்தக் கணினியை வேறொரு பென்டிரைவிலிருந்து இயக்கி, விண்டோஸ் கோப்புறைக்குள் கொள்கை இருக்கும் கோப்புறையை அழித்து மீட்டேன். மூன்று மணி நேரம் போனது. கூடவே நிலையத்துக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரியான வழி விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கிறது, தேடித்தான் எடுக்க வேண்டும். மேலாண்மைக் கன்சோலை (mmc) வெறுமையாகத் திறந்து, அதில் கொள்கைத் திருத்தியைச் சேர்க்கும்போது, எந்தக் கணினி என்று கேட்கும் இடத்தில் ‘பிரவுஸ்’ அழுத்தி, ‘யூசர்ஸ்’ தாவலுக்குப் போனால் ‘நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து அங்கே போடும் கட்டுப்பாடு நிர்வாகியல்லாதவர்களுக்கு மட்டும் விழும். வால்பேப்பரை மாற்றத் தடை, கன்ட்ரோல் பேனலுக்கும் செட்டிங்ஸுக்கும் தடை, ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம்) திருத்தத் தடை, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சாளரத்தில் நூற்றுக்கணக்கில் வரிகள் இருக்கும், கை பரபரக்கும். வேண்டாம்.

கேம் விஷயத்துக்கு வருவோம். சாதாரணக் கணக்கில் இருந்துகொண்டே பிள்ளைகள் எப்படி மென்பொருள் நிறுவுகிறார்கள் என்றால், பல மென்பொருள்கள் இப்போது கணினியின் பொது இடத்தில் நிறுவாமல் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கின்றன. அதற்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை. இதைத் தடுக்க, எந்த மென்பொருள் ஓடலாம் என்று தீர்மானிக்கும் ஆப்லாக்கர் என்ற வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் இதைச் செயல்படுத்த எண்டர்பிரைஸ் அல்லது கல்விப் பதிப்பு வேண்டும். விண்டோஸ் 10-இன் ‘2004’ என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து (அது ஆண்டு அல்ல), புதுப்பிப்பு எல்லாம் ஏற்றியிருந்தால், அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டுவிட்டது. உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கையில் ஆப்லாக்கரைத் திறந்து, இயங்கும் கோப்புகளுக்கான இயல்பு விதிகளை உருவாக்குங்கள். விண்டோஸ் கோப்புறையிலும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையிலும் இருப்பது ஓடும், நிர்வாகிக்கு எல்லாம் ஓடும், மற்றது எதுவும் ஓடாது என்பதுதான் அந்த விதிகளின் சாரம். பென்டிரைவ் கேம், டவுன்லோட்ஸ் கோப்புறையில் இறக்கிய கேம் இரண்டும் ஒரே அடியில் போய்விடும்.

இதில் மூன்று இடம் கவனம். ஒன்று, ஸ்டோர் வகை ஆப்களுக்கான இயல்பு விதிகளையும் சேர்த்தே உருவாக்க வேண்டும், விட்டால் ஸ்டார்ட் மெனுவே முரண்டு பிடிக்கும். அப்புறம், இதை நடத்துகிற ‘அப்ளிகேஷன் ஐடென்டிட்டி’ என்ற சேவை தானாக ஓடத் தொடங்க வேண்டும். சேவைகள் சாளரத்தில் அதை மாற்ற விடாது, நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்திலிருந்து மாற்றலாம். மூன்றாவது, ஜூம் போன்றவை இயல்பாகப் பயனர் கோப்புறையில் நிறுவப்படுபவை, அவையும் சேர்ந்து நின்றுவிடும். அவற்றை எல்லாப் பயனருக்குமான நிறுவியைக் கொண்டு நீங்களே நிறுவிக் கொடுங்கள். முதல் ஒரு வாரம் தடுக்காமல் கண்காணிக்க மட்டும் வையுங்கள். ‘ஆடிட்’ முறை என்று இருக்கிறது, எது தடுபட்டிருக்கும் என்று பதிவேட்டில் எழுதி வைக்கும். அதைப் பார்த்துவிட்டு இறுக்கலாம். விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே சாதாரணப் பயனர் எழுதக்கூடிய ஓரிரு மூலைகள் உண்டு, தெரிந்தவன் அங்கே கேமை வைத்து ஓட்டிவிடுவான். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அது எட்டாது. ஐந்தாம் படிவத்து அண்ணன் ஒருவன் கூட வந்தால் எட்டும்.

பென்டிரைவையே மொத்தமாகத் தடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வீட்டில் செய்த பயிற்சியைப் பிள்ளை கொண்டுவர வழி வேண்டாமா? படிக்கலாம், எழுதலாம், அதிலிருந்து எதையும் ஓட்ட மட்டும் முடியாது என்று ஒரு தனிக் கொள்கை இருக்கிறது, அது போதும். கணினிப் பகுதிக் கொள்கை என்பதால் அது நிர்வாகிக்கும் சேர்த்துத்தான் விழும். நீங்கள் பென்டிரைவிலிருந்து எதையாவது நிறுவ நினைத்தால் முதலில் கணினிக்குள் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு எல்லாரும் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் மீட்புத் திரை வரும். அங்கே கணினியை முழுக்கத் துடைத்துப் புதிதாக்கும் வசதி இருக்கிறது. பாஸ்வர்டே இல்லாத மாணவர் கணக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு கொள்கை போட்டாலும், விளையாட்டாக ஒருவன் இதைத் தொட்டால் உங்கள் ஒரு சனிக்கிழமை உழைப்பு காலி. நிர்வாகியாக இருந்து மீட்புச் சூழலை அணைத்துவைக்கலாம். பழுதுபார்க்கத் தேவைப்படும்போது நிறுவல் பென்டிரைவிலிருந்து இயக்கிக்கொள்ளலாம். அதே கையோடு, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு பாஸ்வர்டு போட்டு, யூஎஸ்பியிலிருந்து இயங்குவதை நிறுத்திவிடுங்கள். பட்டர்வொர்த்தில் நான் என்னை மீட்டுக்கொண்ட அதே வழியால்தான் மற்றவர்களும் உள்ளே வருவார்கள். பெட்டியைத் திறந்து வட்டைக் கழற்றுகிறவனை இது எதுவும் தடுக்காது, அதற்கு அறைக் கதவில் பூட்டுதான்.

அடுத்தது, ஒரே கணக்கு வைத்ததன் விலை. ஒரு பிள்ளை குரோமில் தன் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கைத் திறந்து கூகுள் கிளாஸ்ரூம் பார்த்துவிட்டு அப்படியே எழுந்து போகும், அடுத்த பிள்ளை உட்கார்ந்து அந்தக் கணக்கிலேயே எதையாவது அனுப்பும். இது பூட்டு விஷயமே இல்லை, பிள்ளையின் பாதுகாப்பு விஷயம், வால்பேப்பரைவிட நூறு மடங்கு முக்கியம். குரோமை எப்போதும் விருந்தினர் முறையில் மட்டுமே திறக்கும்படி கொள்கை போட்டுவிடுங்கள். சாளரத்தை மூடினால் கணக்கும் வரலாறும் போய்விடும். இன்னொன்று, பிள்ளை ஆபிஸ் மென்பொருளில் பள்ளி மின்னஞ்சலைக் கொடுக்கும்போது, இந்தக் கணினியை என் அமைப்பு நிர்வகிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். எல்லாப் பிள்ளையும் ஆமென்று அழுத்திவிடும். அப்படி அழுத்தினால் உங்கள் கணினி பிள்ளையின் பள்ளிக் கணக்கோடு பதிவாகிவிடும். அந்தக் கேள்வி வராமலே தடுக்க ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி போதும்.

சரி, இதையெல்லாம் ஒரு கணினியில் முடித்தாயிற்று. மீதி 11? தொழிற்சாலையிலிருந்து வருபவை பெரும்பாலும் ஒரே மாடலாக இருக்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். ஒன்றை முழுமையாகத் தயார் செய்து, குளோன்ஸில்லா என்ற இலவசக் கருவியால் வட்டை அப்படியே பிரதி எடுத்து மற்ற 11-இல் இறக்கிவிடலாம். ஆனால் பிரதி எடுக்கும் முன் விண்டோஸின் சிஸ்பிரெப் கருவியை ஓட்டிப் பொதுமைப்படுத்த வேண்டும், அதாவது அந்த ஒரு கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்க வேண்டும். பல வருடம் நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, பிரதிகளுக்கு ஒரே அடையாள எண் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று இருந்தோம். 2025 ஆகஸ்ட் இறுதிப் புதுப்பிப்புகளுக்குப் பிறகு விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகள் அதைச் சோதிக்கத் தொடங்கிவிட்டன. ஒரே எண் உள்ள கணினிகள் ஒன்றின் பகிர்ந்த கோப்புறைக்குள் மற்றொன்றை நுழைய விடுவதில்லை. மாடல்கள் வேறுவேறாக இருந்தால் பிரதி சிக்கல் தரலாம். அப்போது கொள்கைகளை மட்டும் மைக்ரோசாஃப்டின் எல்ஜிபிஓ கருவியால் ஒரு பென்டிரைவில் எடுத்து, ஒவ்வொன்றிலும் இறக்கலாம். கணினிக்கு இரண்டு நிமிடம்.

மறுபடி தொடங்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் மென்பொருளைப் பற்றிக் கண்டிப்பாக யாராவது உங்களிடம் சொல்வார்கள். எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்டே ஸ்டெடிஸ்டேட் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது, சர்வர் இல்லாத அறைக்கென்றே செய்ததுபோல இருக்கும். 2010 டிசம்பர் 31-உடன் அதை நிறுத்திவிட்டார்கள், எனக்கு இன்னும் வருத்தம்தான். இப்போது டீப் ஃப்ரீஸ் காசுக்குக் கிடைக்கிறது. வட்டில் எதுவும் நிலையாக எழுதப்படாமல் தடுக்கும் விண்டோஸின் சொந்த வடிகட்டி (Unified Write Filter) எண்டர்பிரைஸ், கல்விப் பதிப்புகளில் மட்டும், ப்ரோவில் இல்லை. இவை அழகாக வேலை செய்யும், ஆனால் புதுப்பிப்புகளையும் சேர்த்தே அழித்துவிடும். மாதம் ஒருமுறை உறைநிலையை நீக்கி, புதுப்பித்து, மறுபடி உறைய வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான், 12 முறை. மேலே சொன்னவை ஒழுங்காக இருந்தால் ஒரு கணினியில் ஐந்தாறு பிள்ளைகள் மாறி மாறி உட்காரும் வகுப்புக்கு இது இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் அனுபவம். நாளெல்லாம் முகம் தெரியாதவர்கள் வந்துபோகும் நூலகம் மாதிரி இடம் என்றால் வேறு பேச்சு, அங்கே காசு போட்டு வாங்குங்கள்.

சர்வர் இல்லை என்றாலும் உங்கள் அறையில் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒரு பெட்டி இருக்கிறது: ரூட்டர். அதில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியாக கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3-ஐப் போட்டால் ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். ஓர் இடத்தில் செய்தால் 12-க்கும் போகும், உங்களுக்குக் கிடைக்கிற ஒரே மையக் கட்டுப்பாடு அதுதான். ரூட்டரின் இயல்பு பாஸ்வர்டை மாற்ற மறக்காதீர்கள், அது பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கும். பிள்ளை கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் இந்தத் தடை செல்லாது. அதைத் தொழில்நுட்பத்தால் தடுக்கப் பார்க்காமல் வெய்யான் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். 12 திரையும் உங்கள் ஒரே திரையில் சின்னச் சின்னதாகத் தெரியும், சர்வர் வேண்டாம், சாவிக் கோப்பு ஒன்றை எல்லாக் கணினிக்கும் நகலெடுத்தால் போதும். டீச்சர் பார்க்கிறார் என்று தெரிந்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

கடைசியாக, கழித்துவிட்ட கணினி என்பதால் ஒரு கவலை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். உங்களுடையவை அதற்கும் பழையவை என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள். அதன் நுழைவுத் திரை அமைப்பில் விருந்தினர் முறை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளை வெளியேறியதும் அது செய்த எல்லாமே அழிந்து போகும். மேலே பத்துப் பத்தியில் நான் சொன்ன பாதி வேலையை அந்த ஒரு டிக் செய்துவிடும். டெலிமாவும் கூகுள் கிளாஸ்ரூமும் உலாவியில் ஓடுபவை, அங்கேயும் ஓடும். விண்டோஸில் மட்டுமே ஓடும் பயிற்சி மென்பொருள் வைத்திருந்தால்தான் சிக்கல்.

நிர்வாகி பாஸ்வர்டை 12-க்கும் ஒன்றாக வைத்துவிட்டுப் பிள்ளைகள் முன்னால் தட்டாதீர்கள், விரலைப் பார்த்தே படித்துவிடுவார்கள். கணினிக்கு ஒரு தனி பாஸ்வர்டு வைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பள்ளித் தலைவர் அல்லது நிலையத் தலைவரின் அலமாரியில் ஒரு நகலும் வையுங்கள். கணினிகள் வேறொருவர் சொத்துப் பதிவேட்டில் இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். இன்று மாலை ஒரு கணினியில் விண்டோஸ் பொத்தானையும் ‘பாஸ்’ (Pause) பொத்தானையும் சேர்த்து அழுத்தினால், எந்தப் பதிப்பு, எந்தச் செயலி, எவ்வளவு நினைவகம் என்று ஒரு பக்கம் வரும். அதை அப்படியே இங்கே எழுதிப் போடுங்கள், ஹோம் பதிப்பாக இருந்தால் மேலே சொன்ன கொள்கைகளுக்குச் சமமான ரெஜிஸ்ட்ரி வரிகளை எழுதித் தருகிறேன்.